அவர் அமைதியாகிவிட்டார் என்பதே என் கவலை

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. 2009 இல் பிடிபட்டு இரண்டரை ஆண்டுகள் தடுப்பில் இருந்தார். கொழும்பில் பொலிஸ் விசாரணை நடக்கும் நாலாம் மாடிக்கும் கொண்டுபோனார்கள். உள்ளங்காலில் நோவு, வலது தோளை உயர்த்த முடியாது, தலையிடி, மறதி. முதுகிலுள்ள வெள்ளைத் தழும்புகள் புற்றுநோயாக மாறுமா? சித்திரவதைப்பட்டவர்களின் மூளை சுருங்கிவிடும் என்று இணையத்தில் வாசித்தேன். பிசியோதெரபிக்கு ஒரு நாள் போனார். தோளில் மின்சாரக் கருவி வைத்ததும் எழுந்து வந்துவிட்டார், பிறகு போகவேயில்லை. இரவில் ஒரு சிநேகிதரின் பெயரைச் சொல்லி 'நான் சொல்லேல்லை' என்று கத்துவார். ஒரு நாள் நித்திரையில் என் கழுத்தைப் பிடித்துவிட்டார். தெரிந்த ஒருவர் தந்த நித்திரைக் குளிசையைத் தேநீரில் கரைத்துக் கொடுத்து வருகிறேன். இரண்டு கிழமையாக நல்ல அமைதி. மோட்டார் சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார், காணி உறுதியை என் கையில் தந்துவிட்டார். இவருக்கு விசர் பிடிக்கிறதா? ஒன்பது வயது மகனுக்கும் இது வருமா?
— ஒரு வாசகி, வன்னி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் தொலைபேசி இலக்கம் இல்லை. இருந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்காமல் உங்களை அழைத்துப் பேசியிருப்பேன். குளிசை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாக நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் இரண்டு வரிகளைத்தான் நான் முதலில் வாசித்திருக்க வேண்டும். பல ஆண்டுகளாக இரவில் கத்தியெழும்பிய ஒருவர் திடீரென்று அமைதியாகி, தான் ஓடித்திரிந்த மோட்டார் சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்து, காணி உறுதியை மனைவியின் கையில் ஒப்படைக்கிறார் என்றால், அவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் முடிவுக்கு வந்துவிட்டாரா என்ற கேள்வியை உடனே கேட்டாக வேண்டும். முடிவெடுக்க முடியாமல் தவிக்கும்வரை மனிதருக்கு அமைதி வருவதில்லை. எடுத்த பிறகு வருவதுண்டு. எல்லா அமைதியும் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உடைமைகளைப் பிரித்துக் கொடுப்பதும் இந்த அமைதியும் சேர்ந்து வரும்போது, அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு ஒரு கிழமை பொறுத்துப் பார்க்கும் உரிமை நமக்கு இல்லை.

ஆகவே இன்று இரவே, மகன் உறங்கிய பிறகு, அவர் அருகில் அமர்ந்து நேராகக் கேளுங்கள்: 'சாக வேண்டும் என்று யோசிக்கிறீங்களா?' இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் கிடையாது. தனியாகச் சுமந்ததை ஒருவர் கேட்டுவிட்டார் என்ற ஆறுதலில் அழுதுவிடும் ஆண்களை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அவர் ஆம் என்றாலும், பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், அவரைத் தனியே விடாதீர்கள். தோட்டத்துக்கு வைத்திருக்கும் பூச்சி மருந்தும் களைநாசினியும் நாளை காலை வேறொருவர் வீட்டில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். வீட்டிலுள்ள குளிசைகளும் அப்படியே. விடிந்ததும் அவரை மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, மோட்டார் சைக்கிளையும் உறுதியையும் பற்றி முதல் வாக்கியத்திலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். இரவில் நிலைமை கையை மீறினால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கமும் இருக்கிறது.

இப்போது குளிசைக்கு வருகிறேன். இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் தெரியாத நித்திரைக் குளிசையை, வைத்தியர் பார்க்காமல், அளவு தெரியாமல், ஒருவருக்குத் தெரியாமலே தேநீரில் கரைத்துக் கொடுப்பது வைத்தியம் ஆகாது. நமது ஊர்களில் கைமாறும் நித்திரைக் குளிசைகளில் பல டயசிபாம், அல்பிரசோலம் வகையைச் சேர்ந்தவை. மனவடுவுக்கு அவை மருந்தல்ல. சில கிழமைகளிலேயே உடல் அவற்றுக்குப் பழகிவிடும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே மந்தப்படுத்தும். சோர்ந்திருக்கும் மனத்தின் தடுப்புகளைத் தளர்த்தியும் விடும். நீண்ட நாள் கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், இதை வாசித்த கையோடு நிறுத்தவும் வேண்டாம். எத்தனை நாளாக, எத்தனை கொடுத்தீர்கள் என்பதை நாளை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் சொல்லும் முறையில் குறையுங்கள். இதைவிட எனக்கு வலிக்கும் விடயம் வேறொன்று. தன் உடம்புக்கு என்ன செய்யப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதையும் ஒரு காலத்தில் பறிகொடுத்த மனிதர் அவர். தேநீரில் என்ன இருந்தது என்பது என்றாவது தெரியவந்தால், நம்பக்கூடிய கடைசி இடமும் அவருக்கு இல்லாமற் போகும். அன்பினால்தான் செய்தீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது. வைத்தியரை வைத்துக்கொண்டு அதை நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

விசர் பிடிக்கவில்லை. அவருக்கு இருப்பது நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோய். அடிப்பவன் எந்த நேரமும் கதவைத் திறந்து வரலாம் என்ற இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடிருக்க மூளை கற்றுக்கொண்ட விழிப்பு அது. வெளியே வந்த பிறகும் அந்த விழிப்பு அணையவில்லை. உங்கள் கழுத்தைப் பிடித்தபோது அவர் உங்கள் படுக்கையில் இல்லை, அந்த அறையில் இருந்தார். அவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டில் நின்று, விளக்கைப் போட்டு, பெயரைச் சொல்லி, 'இது எங்கட வீடு, நான் நிற்கிறேன்' என்று சொல்லுங்கள். சிறிது காலம் தனிப் படுக்கையில் உறங்குவது அவருக்கு அவமானமும் அல்ல, உங்களுக்குக் குற்றமும் அல்ல.

தழும்பு புற்றுநோயாகும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். பல ஆண்டுகளாக ஆறாத புண்ணிலோ, திரும்பத் திரும்ப வெடித்துப் புண்ணாகும் தழும்பிலோதான் அரிதாக அப்படி நேரும், நன்றாக ஆறி வெளுத்துக் கிடக்கும் தழும்பில் பொதுவாக அல்ல. மூளை சுருங்கும் கதையும் அப்படித்தான். மனவடுவுக்குள்ளானவர்களின் மூளையில் ஒரு சிறு பகுதி சராசரியாகச் சற்றுச் சிறியதாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டன. அது காரணமா விளைவா என்பதே இன்னும் விவாதத்தில் இருக்க, ஒரு தனி மனிதரின் எதிர்காலத்தை அதிலிருந்து சொல்ல முடியாது. அவருடைய மறதி நித்திரையின்மையிலிருந்து வரக்கூடும். தலையிடி புதிதாகக் கூடிக்கொண்டு போனாலோ, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம் என்பவற்றோடு வந்தாலோ மட்டும் உடனே காட்டுங்கள்.

காலும் தோளும் வேறு விடயம். அவை கற்பனை நோவுகள் அல்ல. உள்ளங்காலில் திரும்பத் திரும்ப அடிக்கும்போது குதிகாலைத் தாங்கும் கொழுப்பு மெத்தை சிதைகிறது, பாதத்தின் அடித்தசைநாண் தளர்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு சரியாகத் தெரிவதால் 'உமக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வைத்தியர்கள் இன்றும் இருக்கிறார்கள். மெத்தென்ற குதிகால் தாங்கி வைத்த செருப்பு, கெண்டைக்கால் பயிற்சி, பொறுமை ஆகியவற்றால் நடக்கும் தூரத்தைக் கூட்ட முடியும். கைகளைப் பின்னால் கட்டித் தூக்கியிருந்தால் தோள் மூட்டும், கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் இழுபட்டிருக்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு முழுப் பலமும் திரும்பும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் சட்டை மாட்டவும் பிள்ளையைத் தூக்கவும் போதுமான அசைவைப் பயிற்சி மீட்டுத் தரும்.

அவர் பிசியோதெரபியை ஏன் விட்டார் என்பதற்கு நீங்களே விடை எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா? நோவுக்கு மென்மையான மின்னோட்டம் கொடுப்பது வைத்தியத் துறையிலுள்ள எங்களுக்குச் சாதாரண சிகிச்சை. உடம்பில் மின்சாரம் பாய்ச்சப்பட்ட ஒருவருக்கு அந்தக் கம்பிகள் என்னவாகத் தோன்றும் என்பதை அன்று யாரும் கேட்கவில்லை. அது அவருடைய பிடிவாதம் அல்ல, எங்களுடைய பிழை. இசிஜி கம்பி, இரத்தம் எடுக்கக் கையைக் கட்டும் பட்டி, வாயைத் திறந்து மல்லாத்தும் பல் வைத்தியரின் கதிரை, ஸ்கேன் குழாய், வாசலில் நிற்கும் சீருடைக் காவலாளி என்று வைத்தியசாலை முழுவதும் இந்த நினைவூட்டிகள் நிறைந்திருக்கின்றன. டென்மார்க் வைத்தியரான இங்க கெனெஃப்க 1982 இல் கொப்பன்ஹேகனில் சித்திரவதைக்குத் தப்பியவர்களுக்கென ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கியபோது முதன்மையாக வலியுறுத்தியவை இரண்டு: உடலையும் மனத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்ப்பது, சிகிச்சையின் எந்தப் படியும் சித்திரவதையை நினைவூட்டாதபடி பார்த்துக்கொள்வது. இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடுவதற்கும் கதவைத் திறந்து வைப்பதற்கும் எந்த வார்டிலும் முடியும்.

இந்த வைத்தியத்துக்கு நமது மொழியில் உள்ள சொல் புனர்வாழ்வு. ஆனால் 2009 இல் போர் முடிந்த பிறகு வன்னியில் அந்தச் சொல்லுக்கு முட்கம்பி வேலியிட்ட முகாம் என்றே பொருள் பதிந்துவிட்டது. பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தப் பெயரில் தடுத்து வைக்கப்பட்டார்கள். ஆகவே அவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். நித்திரைக்கும் தோளுக்கும் வைத்தியம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. செர்ட்ராலின் போன்ற மருந்தை வைத்தியர் தரக்கூடும். அதன் பலன் தெரிய நாலு முதல் ஆறு கிழமை ஆகும், முதற்கிழமைகளில் நீங்கள் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் யாழ்ப்பாணத்தில் மூச்சுப் பயிற்சியையும் மந்திர உச்சரிப்பையும் தளர்வுப் பயிற்சியாக நோயாளருக்குப் பயன்படுத்தினார்கள். சமய நம்பிக்கை உள்ளவருக்கு அது எளிதாகக் கைவரும்.

உயிராபத்து நீங்கி, நித்திரை ஓரளவு திரும்பிய பிறகுதான் நினைவுகளைத் தொடலாம். அதற்கு ஜெர்மனியின் கொன்ஸ்தான்ஸ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. ஒரு கயிற்றைத் தரையில் நீட்டி அதை வாழ்க்கை என்று வைத்து, நல்லவை நடந்த இடங்களில் பூவும் கெட்டவை நடந்த இடங்களில் கல்லும் வைக்கச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொரு கல்லையும் அதன் காலத்திலும் இடத்திலும் நிறுத்தி விரிவாகச் சொல்லவைத்து, எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுவார்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு நமது வடகிழக்கிலேயே உள்ளூர் உளவளத்துணையாளர்கள் இதைப் பிள்ளைகளோடு செய்திருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர் இல்லாமல் வீட்டில் இதை முயலக் கூடாது. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினால் பாரம் குறையும் என்று யூடியூப்பில் சொல்வதைக் கேட்டு அவரைத் துருவிக் கேட்க வேண்டாம்; துருவிக் கேட்பதன் பெயர் அவருக்கு விசாரணை.

அவர் இரவில் சொல்லும் அந்தப் பெயரைப் பற்றியும் கேட்காதீர்கள். அவர் சொன்னாரா இல்லையா என்பது எனக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். உங்களைவிட்டு விலகுவதற்கும் வாழ வேண்டாம் என்று எண்ணுவதற்கும், கால் நோவைவிட அந்தப் பெயரே பெரிய காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க இடம் கொடுத்தது. வாயிலிருந்து ஒரு பெயரைப் பிடுங்குவதற்கு அந்த அறைகளில் என்ன மதிப்பிருந்தது என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம். ஆனால் இலங்கை 1994 இல் இணைந்த ஐக்கிய நாடுகளின் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தின் 15 ஆவது உறுப்புரை, சித்திரவதையால் பெறப்பட்ட எந்தக் கூற்றையும் சான்றாக எடுக்கக் கூடாது என்கிறது. சர்வதேசச் சட்டமே அவர் சொல்லாகக் கொள்ளாத ஒன்றை அவர் தன் துரோகமாகச் சுமக்க வேண்டியதில்லை. இதை நீங்கள் சொன்னால் ஆறுதலாக மட்டும் கேட்கும். உளவளத்துணையாளர் சரியான வேளையில் சொல்லும்போது உள்ளே இறங்கும். தடுப்பில் ஆண்களுக்கும் பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கிறது என்பதையும் மனத்தில் வைத்திருங்கள். அவர் தனியே ஓர் ஆண் வைத்தியரிடம் பேச விரும்பினால் நீங்கள் வெளியே காத்திருங்கள்.

மகனுக்கு இது பரம்பரையாக வராது. ஆனால் கத்தலைக் கேட்டு விழித்த பிள்ளைக்கு யாரும் காரணம் சொல்லாவிட்டால், தன் குழப்படியால்தான் அப்பா கத்துகிறார் என்று அவனே ஒரு காரணம் வைத்துக்கொள்வான். 'அப்பாவை முந்தி சில பேர் நோகடிச்சவை, அது கனவில வருது, உன்ர பிழை இல்லை, டொக்டரிட்டப் போறம்' என்பது ஒன்பது வயதுக்குப் போதும்.

நாளை காலை புறப்படும்போது ஒரு துண்டில் இதை எழுதிக்கொண்டு போய், அவருடைய சம்மதத்தோடு, அவரைத் தொடப்போகும் ஒவ்வொருவரிடமும் காட்டுங்கள்: 'இவருக்கு மின்சாரக் கருவி வேண்டாம். தொடுமுன் சொல்லுங்கள். கதவைத் திறந்து வையுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்.'