ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ.க்கு ஏன் இரண்டு கையிலும் ஊசி?

அம்மாவுக்கு இதய ஸ்ட்ரெஸ் எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார்கள், இரண்டு கையிலும் ஊசி போட்டு மருந்தை வேகமாக ஏற்றுவார்களாம், பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். ரத்தக் குழாயை மருந்தால் விரியவைத்து, இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்க்கும் இந்த ஸ்கேனைப் பல வருடங்களாக எடுத்துவருகிறேன்.

முதலில் அளவு. படத்தில் ரத்தத்தைப் பளிச்சென்று காட்டுவது கடோலினியம் என்ற உலோகம் உள்ள கான்ட்ராஸ்ட் மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மில்லிமோல். அம்மா 60 கிலோ என்றால் வழக்கமான அடர்த்தியில் ஒரு தடவைக்கு 6 முதல் 12 மி.லி.தான். இரட்டை அடர்த்தியில் வரும் மருந்தும் உண்டு, அதில் பாதி போதும். எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். மருந்து கூடினால் படம் நன்றாக வரும் என்பதும் இல்லை. இதய அறைக்குள் ரத்தம் அளவுக்கு மீறிப் பளிச்சிட்டால், தசையின் உள்விளிம்பில் ஒரு பொய்யான கறுப்புக் கோடு விழும். அதை அடைப்பு என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

வேகம்தான் இதில் உயிர்நாடி. இன்ஜெக்டர் நொடிக்கு 3 முதல் 7 மி.லி. வரை தள்ளும், பின்னாலேயே 30 மி.லி. சலைன். மருந்து இதயத் தசைக்குள் முதல் தடவை நுழையும் அந்தச் சில துடிப்புகளைத்தான் நாங்கள் பிடிக்கிறோம். ரத்தம் குறைவாகப் போகும் இடம் கறுப்பாகப் பின்தங்கி நிற்கும். மெதுவாக ஏற்றினால் மருந்து வழியிலேயே பரவிப்போய், அந்த வித்தியாசம் மங்கிவிடும். புறங்கையின் மெல்லிய நரம்பு இந்த வேகத்தைத் தாங்காது. முழங்கை மடிப்பில்தான் போடுவோம்.

இன்னொரு கை, ரத்தக் குழாயை விரிக்கும் அடினோசினுக்கு. கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம், சொட்டுச் சொட்டாக ஏற வேண்டிய மருந்து. இரண்டையும் ஒரே லைனில் இணைத்தால், கான்ட்ராஸ்ட் வேகமாகப் பாயும்போது குழாயில் நிற்கும் அடினோசினையும் மொத்தமாக இதயத்துக்குள் தள்ளிவிடும், துடிப்பு தடைபடலாம். இரண்டு ஊசி அம்மாவின் பாதுகாப்புக்குத்தான். அடினோசின் ஏறும்போது நெஞ்சு இறுக்கும், மூச்சு வாங்கும். நிறுத்தினால் சீக்கிரமே அடங்கிவிடும். சுமார் பத்து நிமிடம் கழித்து, அடினோசின் இல்லாமல் கான்ட்ராஸ்டை மட்டும் இன்னொரு தடவை ஏற்றுவது உண்டு. ஓய்வில் இருக்கும் இதயத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அது.

அப்புறம் காபி. ஒரு பெரியவர் வெறும் வயிற்றில் வந்தேன் என்றார், விசாரித்தால் விடியற்காலையில் அரை டம்ளர் காபி குடித்திருக்கிறார். கஃபீன் அடினோசினை வேலை செய்ய விடாது, அடைப்பு இருந்தாலும் படம் நன்றாக இருப்பதுபோல் வந்துவிடும். அன்று அவரைத் திருப்பி அனுப்ப மனசே வரவில்லை, ஆனால் வேறு வழியில்லை. முந்தைய 24 மணி நேரம் காபி, டீ, சாக்லேட், கோலா எதுவும் வேண்டாம்.

ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கிரியேட்டினின் ரிப்போர்ட்டும் கொண்டுபோங்கள், இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். உள்ளே போகும்போது கையில் ஒரு ரப்பர் பல்ப் கொடுப்பார்கள். ஊசி ஏறும் இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால், ஸ்கேன் கெட்டுவிடுமோ என்று பொறுத்துக்கொள்ளாமல் அதை அழுத்தச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களில் ஒருவர் அம்மாவையேதான் பார்த்துக்கொண்டிருப்போம்.