கம்ப்யூட்டரிலேயே பிஎச்.டி. முடித்துவிடலாமா?

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினீயரிங்கில் முதுநிலைப் படிப்பை முடிக்கப்போகிறேன். உடம்பின் அசைவையும் அதில் விழும் விசைகளையும் ஆராயும் பயோமெக்கானிக்ஸில் பிஎச்.டி. செய்து பேராசிரியராக வேண்டும் என்று ஆசை. உயிரியலைப் பள்ளியோடு விட்டுவிட்டேன். ஒரு பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விசையின் விளைவைக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருள் நன்றாக வரும். ஆட்களை வைத்துச் சோதனை ஏதும் செய்யாமல் முழு ஆய்வையும் கம்ப்யூட்டரிலேயே முடிக்க முடியுமா? நெறியாளரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முடிக்கலாம், தடை ஒன்றும் இல்லை. ஆனால் எலும்பின் மேல் சிவப்பும் நீலமுமாக ஒரு தகைவுப் படத்தை (எந்த இடத்தில் எவ்வளவு விசை அழுத்துகிறது என்பதை) காட்டியதும், வைவா எனும் வாய்மொழித் தேர்வில் கேட்கப்போவது ஒன்றுதான்: இந்த எண்ணை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்?

இரும்பு உத்தரத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. பொருளின் குணம் கையேட்டில் இருக்கும். சுமை உங்களுக்கே தெரியும். உடம்பில் இரண்டுமே பாதி ஊகம். எஃகின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் 200 கிகாபாஸ்கல் என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம். எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்கு 17 முதல் 20 வரை என்பார்கள், அதுவும் நீளவாக்கில்தான். குறுக்குவாக்கில் குறையும், ஆளுக்கு ஆள் மாறும். சுமையின் பாடு இன்னும் மோசம். சாதாரணமாக நடக்கும்போது தரை பாதத்தைத் தள்ளும் விசை உடல் எடையைவிடச் சற்றே அதிகம், 1.1 மடங்கு போல. அதே அடியில் இடுப்பு மூட்டில் விழுவது ஏறக்குறைய 2.5 மடங்கு. மிச்சத்தைச் சேர்ப்பவை மூட்டைச் சுற்றி இழுக்கும் தசைகள். அந்த இழுவையைத் தோலுக்கு வெளியே இருந்து நேரடியாக அளக்க முடியாது.

ஆகவே மென்பொருள் உங்கள் பலமாகவே இருக்கட்டும். ஆனால் ஓர் அளவீட்டையாவது உங்கள் கையால் செய்யவைக்கும் ஆய்வுக்கூடத்தில் சேருங்கள்.

நடை ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் மார்க்கர் எனும் பளபளக்கும் சிறு உருண்டைகளை ஒட்டி, கேமராக்களை 100 அல்லது 200 ஹெர்ட்ஸில் (நொடிக்கு அத்தனை படம்) ஓடவிட்டு, தரையில் பதித்த, விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட்டின் மேல் நடக்கச் சொல்வது. கேட்க எளிதாக இருக்கும். 'பிளேட்டில் கால் வையுங்கள்' என்று சொல்லிவிட்டாலே காரியம் கெட்டது. ஆள் குனிந்து பார்த்து அடியை எட்டிப் போடுவார். அது அவர் நடையே அல்ல. ஒன்றும் சொல்லாமல், அவர் புறப்படும் இடத்தைத்தான் ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்த வேண்டும். பாதி பாதம் பிளேட்டுக்கு வெளியே விழுந்தால் அந்தத் தரவு குப்பைக்கு. தொடையில் ஒட்டிய மார்க்கரோ, அடியில் சதை குலுங்குவதால், எலும்பைவிட்டு ஓரிரு சென்டிமீட்டர்கூட விலகும். முழங்கால் மடங்கும் கோணம் இதைத் தாங்கிக்கொள்ளும். முழங்கால் திருகும் கோணமோ சில டிகிரிதான். அங்கே பிழை அளவையே விழுங்கிவிடும்.

அடுத்தது, தரவிலிருந்து வேகமான பொய் அதிர்வுகளை நீக்கும் ஃபில்டர். மார்க்கரின் இடத்தை இருமுறை வகையிட்டால் முடுக்கம் வரும். கூடவே இரைச்சலும், அதாவது அந்தப் பொய் அதிர்வும், அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். 10 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் வீச்சில் ஆடும் மார்க்கர் ஏறக்குறைய 4 மீ/வி² பொய் முடுக்கம் தரும், புவியீர்ப்பில் ஐந்தில் இரண்டு பங்கு! நடைத் தரவைப் பெரும்பாலும் 6 ஹெர்ட்ஸ் அளவுக்கு மேல் வெட்டிவிடுவது இதனால்தான். குதித்து இறங்கும் சோதனைக்கும் அதே 6-ஐப் போட்டு, விசைத் தரவை மட்டும் 50 வரை விட்டுவைத்தால், பாதம் தரையில் மோதும் கணத்தில் முழங்காலில் இல்லாத ஒரு திருப்புத்திறன் (மூட்டைச் சுழற்றும் விசையின் அளவு) முள்போல எழும். அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

உங்கள் மென்பொருளிலும் இதே மாதிரிப் பொறி உண்டு. எலிமென்ட் அளவைப் பாதியாக்கினால் எண்ணிக்கை 8 மடங்காகும் என்பதால், அந்தத் துண்டுகளின் வலையான மெஷ்ஷை ஒருமுறைக்கு மேல் சரிபார்க்கச் சோம்பல் வரும். கூர்மூலையில் தகைவு, மெஷ் நுணுகநுணுக ஏறிக்கொண்டேதான் போகும். அந்த உச்ச எண்ணை முடிவாகக் காட்டக் கூடாது.

உயிரியலுக்குப் பயப்பட வேண்டாம். முழு உடம்பையும் படிக்கப் போகாமல் ஒரே மூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே ஒட்டுகிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது பார்க்காமல் வரைய வரவேண்டும். எலும்பைத் தொட்டுக் கண்டுபிடிக்கவும் பழகுங்கள். இடுப்புக்குக் கீழே தொடையின் பக்கவாட்டில் விரலை அழுத்தி, காலை உள்ளும் புறமும் திருப்பினால் விரலடியில் ஒரு மேடு உருளும். மார்க்கரை அங்கேதான் ஒட்டவேண்டும். இரண்டு பேர் ஒட்டினால் இரண்டு இடத்தில் இருக்கும்.

நெறியாளரைப் பற்றி அவருடைய இப்போதைய மாணவர்களிடம் கேளுங்கள். தரவை யார் எடுக்கிறார்கள்? கூட்டாளி மருத்துவர் நேரம் ஒதுக்குகிறாரா, கட்டுரையில் பெயர் மட்டும்தானா? முன்பு முடித்தவர்கள் எத்தனை கட்டுரையில் முதல் ஆசிரியர், இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஆட்களை வைத்துச் சோதனை செய்யத் தேவையான எத்திக்ஸ் ஒப்புதல் வர மாதக்கணக்கில் ஆகலாம். சேர்ந்த முதல் மாதமே அதற்கு எழுதத் தொடங்குங்கள். மாடலிங் அத்தியாயத்தை அந்தக் காத்திருப்புக் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வான போஸ்ட்டாக்கை வேறு ஆய்வுக்கூடத்தில், வேறு முறையில் செய்யுங்கள். நெறியாளர் பெயர் இல்லாத ஒரு கட்டுரையாவது கையில் இருக்க வேண்டும். வேலை விளம்பரங்கள் பயோமெடிக்கல் துறையில் மட்டும் வருவதில்லை. மெக்கானிக்கல், விளையாட்டு அறிவியல், எலும்பு மருத்துவம், மறுவாழ்வுத் துறைகளிலும் தேடுங்கள். மெக்கானிக்கல் துறையில் சேர்ந்தால் டைனமிக்ஸ் வகுப்பு உங்கள் தலையில்தான் விழும்; அந்தப் பாடத்தை நடத்தும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் உருவான ஓப்பன்சிம் எனும் உடல் அசைவு மென்பொருள் இலவசம். உள்ளே சென்சார் வைத்த செயற்கை முழங்காலோடு நடப்பவர்களின் நடைத் தரவும், அந்தச் சென்சார் அளந்த விசையும் சிம்டிகே (SimTK) இணையதளத்தில் பொதுவில் கிடைக்கின்றன. முழங்கால் விசையை நீங்களே கணக்கிட்டு, அளந்த கோட்டின் மேலேயே வரையுங்கள். முதல் தடவை பொருந்தாது. அடியின் எந்தக் கட்டத்தில் விலகுகிறது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதி, நெறியாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் முதல் இணைப்பாக வையுங்கள். மதிப்பெண் சான்றிதழ் இரண்டாவதாக இருக்கட்டும்.