வீடு பார்க்கும் முன் ஊர்ப்பெயரைப் பாருங்கள்

தம்பி, அடுத்த மாதம் மலேசியாவில் ஈப்போவுக்கு வேலைக்கு வருகிறீர்கள். வரைபடத்தில் ஊர்ப்பெயர்களில் எங்கு பார்த்தாலும் புக்கிட், கோல, தஞ்சோங் என்று மலாய்ச் சொற்களாகவே இருக்கிறது, இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். நான் வந்த புதிதில், வாடகை குறைவு என்று பெயரில் 'பாயா' இருந்த ஓர் இடத்தில் குடியேறினேன். பாயா என்றால் சதுப்பு நிலம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் பெருமழைக்கே கூடத்துக்குள் தண்ணீர் வந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த புத்தகங்கள் அத்தனையும் ஊறிப்போயின. லெம்பா என்றால் பள்ளத்தாக்கு. அலோர் என்றால் நீர் ஓடும் தாழ்வான வாய்க்கால். பெர்மாத்தாங் இதற்கு நேர்மாறு: தாழ்ந்த நிலத்துக்கு நடுவே நீளமாக ஓடும் மேடு. பினாங்கின் பெருநிலப் பகுதியில் இந்தப் பெயரில் பழைய கம்பங்கள், அதாவது கிராமங்கள், நிறைய உண்டு. ஆனால் தாமான் எனப்படும் புதிய குடியிருப்புகளின் பெயரை நம்ப வேண்டாம், அது வீடு கட்டி விற்பவர்கள் வைப்பது. பக்கத்துக் கம்பத்தின் பெயரையும் ஆற்றின் பெயரையும் விசாரியுங்கள்.

புக்கிட் குன்று, குனோங் மலை. ஆறு கடலில் சேர்ந்தாலும் இன்னோர் ஆற்றில் சேர்ந்தாலும் அந்த இடம் கோலதான். நாம் கழிமுகம், கூடல் என்று பிரித்துச் சொல்வோம். கோலசிலாங்கூர் கடலோரம். கோலாலம்பூரில் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுகின்றன, லும்பூர் என்றால் சேறு. தஞ்சோங் என்பது நீரை நோக்கி நீண்ட நிலமுனை. கடலே இல்லாத தஞ்சோங் மாலிம் என்ற ஊரைப் பார்த்துக் குழம்பாதீர்கள், ஆறு வளையும் இடத்து முனைக்கும் அதே சொல்தான். அப்புறம், பத்துமலையில் இருக்கும் 'பத்து' எண் இல்லை, கல்!

இந்தோனேசியாவின் சுமத்ரா பக்கம் போனால் சில சொற்கள் மாறும். இங்கே ஏரிக்குத் தாசிக் என்பார்கள், அங்கே டானாவ். தோபா ஏரி அங்கே டானாவ் தோபா.

எனக்கு மிகவும் பிடித்தவை உடம்பையும் உறவையும் வைத்துப் பிறந்த சொற்கள். ஊற்று மலாய்க்காரர்களுக்கு மாத்தா ஆயர், நீரின் கண். நாமும் ஊற்றுக்கண் என்றுதானே சொல்கிறோம்! மலையடிவாரம் காக்கி புக்கிட், குன்றின் கால். ஓடை அனாக் சுங்கை, ஆற்றின் பிள்ளை. நிலப்பரப்புக்கு முக்கா பூமி, அதாவது பூமியின் முகம். முகமும் பூமியும் சமஸ்கிருதத்திலிருந்து அவர்களிடமும் வந்திருக்கின்றன, நம்மிடமும் வந்திருக்கின்றன. முதன்முதலில் இதைக் கேட்ட அன்றுதான் இந்த மண் எனக்கு அந்நியமாகத் தெரியாமல் போனது.

சரி, வீடு பார்க்கப் போனால் அக்கம்பக்கத்துக் கடையில் "சினி பாஞ்சிர் கா?" என்று கேளுங்கள். இங்கே வெள்ளம் வருமா என்று அர்த்தம். இடத்தின் பெயரை எனக்கும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.