நகர நிர்வாகம் வெளியிடும் ஆண்டு முன்னேற்ற அறிக்கையை வைத்து, மக்களின் வாழ்க்கை உண்மையில் மேம்பட்டதா என்று சொல்ல முடியுமா?

கேள்வி கேட்டவரின் குறை இதுதான்: அவருடைய நகர நிர்வாகம் இந்த ஆண்டும் வழவழப்பான தாளில் அறிக்கை போட்டிருக்கிறது. சாலை கூடியிருக்கிறது, விளக்கு கூடியிருக்கிறது, தீர்த்த புகார்கள் கூடியிருக்கின்றன. ஆனால் அவர் தெருவில் எதுவும் மாறவில்லை. பொய் சொல்கிறார்களா என்று கேட்கிறார்.

பெரும்பாலும் பொய் இருக்காது. நான் மூன்று ஆண்டு ஒரு நகராட்சியில் இந்த அறிக்கையைத் தொகுக்கும் மேசையில் ஒப்பந்தப் பணியில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே யாரும் எண்ணைப் புனைந்து நான் பார்த்ததில்லை. அதற்கு அவசியமே வரவில்லை.

அறிக்கை எப்படித் தயாராகிறது என்று தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். நிதியாண்டு முடியும்போது ஒவ்வொரு துறைக்கும் ஒரு படிவம் போகும். கடைசி நாள் சாயங்காலம்தான் அதை எடுத்து நிரப்புவார்கள். கைக்கு எது எளிதில் கிடைக்கிறதோ அதைத்தான் எழுதுவார்கள். எவ்வளவு செலவானது, எத்தனை கிலோமீட்டர் போட்டோம், எத்தனை விளக்கு மாட்டினோம் என்பதெல்லாம் ஒப்பந்ததாரரின் பில்லிலேயே இருக்கும். அந்தச் சாலையில் ஒரு பாட்டி விழாமல் நடக்கிறாரா என்பது எந்தப் பில்லிலும் இருக்காது. அதனால் அறிக்கை முழுக்க நிர்வாகம் செய்தவற்றின் பட்டியலாகவே அமையும். ‘அதனால் உங்களுக்கு என்ன ஆனது’ என்ற கேள்வி படிவத்திலேயே கிடையாது.

என் வீட்டுத் தெருமுனை விளக்கின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது எரியவில்லை என்று நானே புகார் பதிந்தேன். அதே அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, வரிசையில் நிற்கும் மற்றவர்களைப் போலத்தான். மூன்றாம் நாள் ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. இரவு போய்ப் பார்த்தால் அதே இருட்டு. மறுபடி பதிந்தேன், புது எண் கொடுத்தார்கள். இரண்டு நாளில் பல்பை மாற்றினார்கள், ஒரு வாரம் எரிந்தது. பழுது பல்பில் இல்லை, கம்பத்துக்கு வரும் கேபிளில். மழை பெய்து மண் ஈரமானால் போய்விடும், காய்ந்தால் வந்துவிடும். மூன்றாவது புகாருக்கு ஆள் வந்தபோது வெயில் நாள், விளக்கு எரிந்தது, ‘பழுது ஏதும் இல்லை’ என்று எழுதி நான்கு நாளில் முடித்தார்கள். நான்காவதை ‘இது எங்கள் பிரிவில் வராது’ என்று ஒரே நாளில் முடித்தார்கள். ஐந்தாவது புகாருக்கு வந்தவர் கொஞ்சம் வயதானவர். கம்பத்தின் அடியில் குந்தி உட்கார்ந்து மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ‘முதல் தடவையே தோண்டியிருக்கணும் சார்’ என்றார். ஐந்து நாளில் கேபிள் மாறியது.

முதல் புகாரிலிருந்து எண்ணினால் 47 நாள். இப்போது அறிக்கைக் கணக்கைப் பாருங்கள். வந்த புகார் 5, தீர்த்த புகார் 5. எடுத்துக்கொண்ட நாட்கள் 3, 2, 4, 1, 5. கூட்டினால் 15, ஐந்தால் வகுத்தால் சராசரி 3 நாள். நூற்றுக்கு நூறு தீர்வு, மூன்றே நாளில்! முதல் தடவையே கேபிளைத் தோண்டி 9 நாளில் ஒழுங்காக முடித்திருந்தால் ‘1 புகார், 9 நாள்’ என்று பதிவாகியிருக்கும். அதாவது ஒழுங்காக வேலை செய்த பொறியாளர் அட்டவணையில் மந்தமானவராகத் தெரிவார். அந்த ஆண்டு இந்த எண்களை அட்டவணையில் தட்டச்சு செய்தது நான்தான். ஒரு எண்கூடத் தவறில்லை.

இப்படி நடக்கும் என்பதற்குப் பொருளியலில் ஒரு பெயரே உண்டு, குட்ஹார்ட் விதி. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது. ஒரு அளவை வைத்து ஆட்களை நெருக்க ஆரம்பித்தால், அந்த அளவு அதுவரை காட்டிய உண்மையைக் காட்டுவதை நிறுத்திவிடும். தெருவிளக்குக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆகவே உங்கள் அறிக்கையில் நான் முதலில் தேடுவது ‘மீண்டும் வந்த புகார்கள்’ என்ற வரி. அது இருந்தால் அந்த நிர்வாகத்தின் மீது எனக்கு உடனே மரியாதை வந்துவிடும், எண் மோசமாக இருந்தாலும் சரி.

அடுத்து, காணாமல் போன வரிகள். இதற்குப் போன ஆண்டின் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் படிவத்தில் ‘மூன்று நாளுக்கு மேல் குப்பை எடுக்கப்படாத தெருக்கள்’ என்று ஒரு வரி இருந்தது. ஒரு வருடம் அந்த எண் ஏறியது. அடுத்த வருடம் வடிவமைப்புக்கு இடம் போதவில்லை என்று அந்த வரியை எடுத்தார்கள். அந்த இடத்தில் ஒரு திறப்பு விழாப் படம் வந்தது. இதிலும் பொய் இல்லை, கவனியுங்கள். நியூயார்க் நகரம் 1977 முதல் மேயரின் நிர்வாக அறிக்கை என்று ஒன்றை வெளியிடுகிறது. நகரச் சாசனமே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து ஆண்டு எண்கள் வரிசையாக இருக்கும், எண் எந்தத் திசையில் போனால் நல்லது என்பதற்கும் குறி இருக்கும். அந்த நகரம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆனால் ஐந்து ஆண்டை அடுத்தடுத்து அச்சடித்துவிட்டால் ஒரு வரியைச் சத்தமில்லாமல் உருவுவது கஷ்டம். உங்கள் ஊரில் அப்படி இல்லையென்றால், பழைய அறிக்கைகளை இறக்கி நீங்களே ஒரு தாளில் போடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

மூன்றாவது, சராசரி. ‘நகரில் நாளொன்றுக்குச் சராசரி 6 மணி நேரம் குடிநீர்’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி வார்டுகளில் 11 மணி நேரமும் பாதி வார்டுகளில் 1 மணி நேரமும் வந்தாலும் சராசரி 6தான். அந்த 6 மணி நேரம் நகரத்தில் ஒரு வீட்டிலும் இல்லை. ஆகவே கேட்க வேண்டியது: மிக மோசமான வார்டு எது, போன ஆண்டை விட அது ஏறியதா? பிரேசிலின் போர்த்தோ அலெக்ரி நகரம் 1989இல் மக்கள் பங்கேற்கும் பட்ஜெட் முறையைத் தொடங்கியபோது, பணத்தைப் பகுதிகளுக்குப் பிரிக்கும் சூத்திரத்திலேயே இதைப் புகுத்தியது. எந்தப் பகுதியில் வசதி குறைவோ அதற்கு எடை அதிகம். குடிநீர், கழிவுநீர் இணைப்புள்ள வீடுகள் 1988இல் 75 சதவீதம், 1997இல் 98 சதவீதம். மக்கள் கூட்டங்களில் கை தூக்கியதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்தச் சூத்திரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, எனக்கு அதுதான் சுவாரசியம்.

பூங்காவும் இதே கதைதான். எண்ணிக்கை பயன்படாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் ஒரு பசுமை இடம் இருக்க வேண்டும் என்கிறது. ‘எத்தனை வீடுகளுக்கு அப்படி இருக்கிறது’ என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

அப்புறம், உலகின் சிறந்த நகரங்கள் என்று வரும் தரவரிசைகள். உங்கள் நகரம் அதில் நாலு இடம் ஏறியதாக அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு தரும் பட்டியலில் நிலைத்தன்மை, மருத்துவம், பண்பாடும் சுற்றுச்சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு என்று ஐந்து பிரிவுகள் உண்டு. வீட்டு வாடகை அதில் இல்லை. வெளிநாட்டுக்கு ஊழியர்களை அனுப்பும் நிறுவனங்கள், கஷ்டமான ஊரில் இருப்பதற்கான கூடுதல் படி எவ்வளவு தரலாம் என்று முடிவு செய்ய அது உதவும். வாடகையில் திணறுகிறவருக்கு அது என்ன சொல்லும்?

இனி எதிர்ப்பக்கம். அறிக்கை நல்லதாகச் சொல்வதைத் தெருவில் காணவில்லை என்பதாலேயே அது வெற்று என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மண்ணுக்கடியில் நடக்கும் வேலை கண்ணுக்குத் தெரியாது, தெரிந்தாலும் தோண்டிப் போட்ட தெருவாகத்தான் தெரியும். கம்போடியாவின் நோம்பென் நகரத்தில் 1993இல், சுத்திகரித்து அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதம் கசிந்தும் திருடு போயும் கணக்கில் வராமல் போனது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம்தான் விநியோகம், அதுவும் நகரத்தின் ஒரு பகுதிக்கு மட்டும். அந்த ஆண்டு பொறுப்பேற்ற ஏக் சொன் சான் என்ற பொறியாளர் செய்தது பெரும்பாலும் படம் எடுக்க முடியாத வேலைகள். பழைய குழாய்களை மாற்றினார், எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார், திருட்டு இணைப்புகளைத் துண்டித்தார், செல்வாக்குள்ளவர்களிடமும் கட்டணம் வசூலித்தார். சுமார் பதினைந்து ஆண்டுகளில் இழப்பு 6 சதவீத அளவுக்கு இறங்கியது, 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. 2006இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அந்தப் பதினைந்தில் ஏதாவது ஒரு ஆண்டின் அறிக்கையை மட்டும் எடுத்துப் பார்த்தால், ரொம்பச் சாதாரணமாகத்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இழப்புச் சதவீதம் கொஞ்சம் குறைவு, அவ்வளவே.

நடக்காமல் போனவற்றுக்கும் அறிக்கையில் இடம் கிடைப்பதில்லை. நார்வேயின் ஆஸ்லோவில் 2019இல் சாலையில் நடந்து போனவரோ சைக்கிளில் போனவரோ ஒருவர்கூட விபத்தில் இறக்கவில்லை. வேக வரம்பைக் குறைத்தார்கள், நகர மையத்தில் தெருவோர வாகன நிறுத்துமிடங்களை எடுத்தார்கள். எங்கள் படிவத்தில் இதை எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ‘புதிதாக அமைக்கப்பட்ட நிறுத்துமிடங்கள்’ என்ற கட்டம்தான் இருந்தது. அதில் கழித்தல் குறி போட்டிருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை என்பதே நிர்வாகத்துக்குத் தாமதம் என்பது என் கருத்து. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் மார்ட்டின் ஓமாலி மேயரானதும் சிட்டிஸ்டாட் என்று ஒன்றைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துறைத் தலைவரை நிற்க வைத்து, எண்களைத் திரையில் போட்டுக் கேள்வி கேட்பார்கள். முதலில் பிடித்தது பெரிய இலக்குகளை அல்ல, ஓவர்டைமும் வேலைக்கு வராமையும்தான். சாலைப் பள்ளத்தை 48 மணி நேரத்தில் மூடுவோம் என்ற வாக்குறுதியும் அப்படி வந்தது. நல்ல முறைதான். ஆனால் மூடிய பள்ளம் அடுத்த மழைக்குத் தாங்குகிறதா என்றும் யாராவது கேட்க வேண்டும். என் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அறிக்கையில் இல்லாததை எப்படித் தெரிந்துகொள்வது? நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு மாதம் முழுக்க எழுதத் தேவையில்லை, ஆண்டுக்கு இரண்டு வாரம், ஒவ்வொரு ஆண்டும் அதே இரண்டு வாரம். குழாயில் தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம். பேருந்துக்குக் காத்திருந்த நிமிடங்கள். குப்பை வண்டி வந்ததா. வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடைபாதையை விட்டுச் சாலையில் எத்தனை முறை இறங்க வேண்டியிருந்தது. இந்தக் கடைசி எண் என் தெருவில் முதல் ஆண்டு 7, இப்போது 4. எந்த அறிக்கையிலும் வராத முன்னேற்றம், ஆனால் என் முழங்காலுக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு பேர் இதே மாதிரி எழுதினால், வார்டு கூட்டத்தில் பேசும்போது ‘எனக்குத் தோன்றுகிறது’ என்று ஆரம்பிக்க வேண்டியிருக்காது. எங்களிடம் தாளோடு வந்தவர்களுக்கு ஒழுங்கான பதில் போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் இருந்த அன்பினால் அல்ல, கோப்பில் தாள் சேர்ந்துவிட்டால் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும் என்பதால்.

விளக்குக் கதை நடந்த அந்தத் தெருவை விட்டு வீடு மாறி இரண்டு ஆண்டு ஆகிறது. போன மாதம் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. தெருமுனையில் என் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மணி மதியம் இரண்டு. இந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ‘இயங்கும் விளக்கு’ என்ற கட்டத்தில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். புகார் பதிந்துவிட்டுத்தான் வந்தேன். மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது.