ஏஜென்சி வேலையால நிப்பாட்டிட்டாங்க, கடிதத்துல சைன் வைக்கலாமா?

திருகோணமலை உப்புவெளியில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். எச்என்டிஏ (கணக்கியல் உயர் டிப்ளோமா) முடிச்சிட்டு நிரந்தர வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் கம்பனிகளுக்கு ஆள் குடுக்கிற மேன்பவர் ஏஜென்சி ஒண்டால சீனக்குடா பக்கம் ஸ்டோர்ஸ் ஒண்டுல 14 மாசம் வேலை, பெர்மனன்ட் ஆக்குவம் எண்டு மனேஜர் சொல்லி சொல்லி இழுத்து, கடைசில தன்ட சொந்தக்காரனை எடுத்துட்டு இவரை நாளைக்கு வரவேணாம் எண்டுட்டாராம். "சுயவிருப்பத்தில் விலகுகிறேன்" எண்டு சைன் வச்சாத்தான் கடைசி மாச சம்பளமாம்.

தம்பி, நோகும்தான், ஆனா மனேஜர் வாயால தந்த வாக்கும் அவரிட சொந்தக்காரனும் வழக்குல நிக்காது. கேள்வி ஒண்டுதான், சட்டப்படி உங்கட முதலாளி யாரு? கம்பனி ஏஜென்சியை காட்டும், ஏஜென்சி கம்பனியை காட்டும். யார் வேலை சொன்னது, லீவு யாரிட்ட கேட்டீங்க, சம்பளம், ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) யாரிட பேரில போச்சு எண்டுதான் பாப்பாங்க. சுப்பவைசர் இரவு பத்து மணிக்கு "நாளைக்கு 6 மணி ஷிப்ட்" எண்டு போட்ட வட்ஸ்அப் மெசேஜ் நீங்க எனக்கு எழுதின மூண்டு பக்கத்தை விட பெறுமதி. வேலையால நிப்பாட்டின வழக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபைக்கு போனா ரெண்டு பேரையும் எதிராளியா போடுங்க.

இனி நான் பயப்படுற விசயம். அந்த கடிதத்துல சைன் வச்சா உங்களை நிப்பாட்டவே இல்ல, நீங்களாதான் போனீங்க எண்டு சொல்லுவாங்க, பிறகு வழக்கு வெல்லுறது பெரும் கஷ்டம். சேரும்போதே திகதி போடாம ஏதும் சைன் வச்சீங்களா எண்டு நல்லா யோசிங்க, என்னட்ட வந்த ஒரு பொடியன்ட கடிதத்துல சைன் நீலப் பேனை, திகதி கறுப்புப் பேனை, வேற ஆளிட கையெழுத்து, அதை நிரூபிக்க நாங்க பட்ட பாடு பெரும்பாடு. மற்றது நிப்பாட்டின நாள்ல இருந்து 6 மாசத்துக்குள்ள தொழில் நியாய சபைல மனு போடவேணும். லேபர் ஒபிஸ்ல முறைப்பாடு குடுத்துட்டு கூப்பிடுவாங்க எண்டு காத்திருந்து ஏழாம் மாசம் என்னட்ட வாற ஆக்கள் கனபேர், அவங்களுக்கு என்னால ஒண்டும் செய்ய ஏலாமப் போயிருக்கு.

ஈபிஎப் வேற கணக்கு. தற்காலிக ஆள் எண்டாலும் சம்பளத்துல முதலாளி 12 வீதம், உங்கட 8 வீதம், அதோட முதலாளி ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் கட்டியே ஆகவேணும், கட்டாட்டி லேபர் ஒபிஸ்ல தனியா முறைப்பாடு குடுங்க.

நேரா சொல்லுறன், சமாதானமா முடிங்க. நீங்க இப்பவும் வேலை தேடுற ஆள், வழக்கு இழுபடும், நடுவுல வேலை கிடைச்சா நட்டஈடும் குறையலாம். நிலுவை சம்பளம், ஒண்டு ரெண்டு மாச காசு, சேவைக் கடிதம் கேளுங்க, அந்த கடிதத்துல "விலகினார்" எண்டு வரக்கூடாது. ஈபிஎப்பை மட்டும் பேரத்துல விட்டுக்குடுக்காதீங்க. காசு கைக்கு வரும்வரை ஒண்டுலயும் சைன் வைக்கவேணாம், போன் மாத்த முதல் அந்த மெசேஜ் எல்லாத்தையும் ஈமெயிலுக்கு அனுப்பி வையுங்க.