ஒசாகா கோட்டையா, ஹிமேஜியா: மூட்டுவலி உள்ள அம்மாவோடு போகிறவருக்கு

ஜப்பானில் கையில் ஒரே நாள், அம்மாவுக்கு மூட்டுவலி, ஒசாகா கோட்டைக்குப் போவதா, ஹிமேஜி கோட்டைக்குப் போவதா, ஒசாகா கோட்டை 'வெறும் கான்கிரீட்' என்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவோடு என்றால் தயங்காமல் ஒசாகாவுக்கே போங்கள்.

நடுவில் உயர்ந்து நிற்கும் மாளிகை 1931இல் கான்கிரீட்டில் கட்டியது, உண்மைதான். ஆனால் அதுவும் 1997 முதல் பதிவுபெற்ற பண்பாட்டுச் சொத்து. உள்ளே லிஃப்ட் உண்டு. அசல் பழமை அதைச் சுற்றித்தான் இருக்கிறது. செங்கான் காவல்மாடம் 1620இல் எழுந்தது. அதுவும் ஓத்தே வாசலும் சேர்த்து 13 கட்டுமானங்கள் அரசின் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகள். சகுரா வாசலுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஒற்றைக் கல் ஒன்று. எடை 100 டன்னுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மாளிகையைப் படமெடுக்கும் அவசரத்தில் பலர் அதைப் பார்க்காமலே போவது எனக்குப் பெரிய வருத்தம்.

ஹிமேஜியின் மாளிகை 1609இல் முடிந்த அசல் மரக்கட்டுமானம். லிஃப்ட் கிடையாது, செருப்பைக் கழற்றிப் பையில் எடுத்துக்கொண்டு செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும். மூட்டுவலிக்கு இறங்குவது இன்னும் சிரமம். ஹிமேஜிதான் வேண்டுமென்றால், அம்மா பக்கத்திலுள்ள கோகோ-என் தோட்டத்தில் இருக்கட்டும், நீங்கள் மட்டும் ஏறுங்கள். ஒசாகாவிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்.