கதையிலும் திரையிலும் அத்தை: கேள்வி பதில்

கேள்வி: சிறுகதை ஒன்று எழுதுகிறேன். நாயகனை வளர்ப்பது அத்தையா, சித்தியா என்று இன்னும் முடிவாகவில்லை. யாரை வைத்தாலும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றில்லை. கதையே மாறிவிடும். எழுத உட்காரும் முன் ஒரு தாளில் உறவுப் படம் போடுங்கள். நடுவில் நாயகன், அவனுக்கு மேலே அப்பா, அம்மா. அப்பாவோடு பிறந்த ஆண்களும் அம்மாவோடு பிறந்த பெண்களும் பெற்றவர் வரிசை. சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா எல்லாரும் இதில் வந்துவிடுவார்கள். அவர்கள் பிள்ளைகள் நாயகனுக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. அப்பாவோடு பிறந்த பெண்ணும் அம்மாவோடு பிறந்த ஆணும் சம்பந்தி வரிசை. அவர்கள் பிள்ளைகள் முறைப்பெண், முறைப்பையன்.

ஆகவே சித்தி வளர்த்தால் அவள் மகள் அவனுக்குத் தங்கை. அந்த வீட்டில் காதலுக்கு இடமே இல்லை. அத்தை வளர்த்தால் அவள் போடும் ஒவ்வொரு பிடி சோற்றையும் 'மருமகனாக்கத்தான் வளர்க்கிறாள்' என்று ஊர் பார்க்கும். அந்தப் பார்வையைக் கதை கண்டுகொள்ளாவிட்டால் வாசகர் உடனே பிடித்துவிடுவார்.

என் கணிப்பில் தமிழ்க் கதையில் அத்தையை இயக்குவது பாசத்தை விட உரிமை. பிறந்த வீட்டைவிட்டுப் போனவள் தன் பங்கை அடுத்த தலைமுறையின் வழியே கேட்கிறாள். சீர் வரிசை, பெண் கேட்பது, பெண் கொடுக்க மறுத்ததால் வரும் பகை எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

கேள்வி: தாலாட்டில் 'அத்தை அடித்தாளோ' என்று வருகிறதே, அத்தை அவ்வளவு கொடுமைக்காரியா?

பதில்: பாடுவது யார் என்று பாருங்கள். தாய். குழந்தைக்கு அத்தை என்றால் தாய்க்கு நாத்தனார். மாமன் மல்லிகைப்பூச் செண்டால் அடித்தான் என்பவள், அத்தை கையில் சில ஊர்ப் பாட்டில் அல்லியைக் கொடுக்கிறாள், சில ஊர்ப் பாட்டில் அரளியைக் கொடுக்கிறாள். மாமன் அவளோடு பிறந்தவன், மல்லிகை மாறுவதில்லை. அரளி நஞ்சுள்ள செடி. நாத்தனாரிடம் நேரே சொல்ல முடியாத குத்தலைப் பிள்ளையின் பெயரால் பாட்டில் ஏற்றிவிடுகிறாள் என்றே நான் வாசிக்கிறேன். அதே சமயம், குழந்தையைத் தொட்டு அடிக்க உரிமையுள்ளவர்கள் பட்டியலில் அத்தை இருக்கிறாள் என்பதையும் அந்தப் பாட்டு ஒப்புக்கொள்கிறது.

கேள்வி: புராணத்தில் அத்தைக்குப் பெரிய இடம் உண்டா?

பதில்: பாரதத்தில் நிறைய உண்டு. கண்ணனுக்கு இரண்டு அத்தைமார் முக்கியம், இருவரும் வசுதேவரோடு பிறந்தவர்கள். ஒருத்தி குந்தி. இன்னொருத்தி சிசுபாலனின் தாய். மூன்று கண், நான்கு கையோடு பிறந்த பிள்ளை. யார் மடியில் வைத்ததும் மிகையான உறுப்புகள் மறைகின்றனவோ அவர் கையால்தான் அவனுக்குச் சாவு என்று வாக்கு. கண்ணன் மடியில் அவை மறைந்ததும் அத்தை கெஞ்சுகிறாள். 100 பிழை பொறுப்பதாக அவன் வாக்குக் கொடுக்கிறான். தருமரின் ராஜசூய வேள்வியில் சிசுபாலன் ஏசும்போது கண்ணன் அத்தனை நேரம் பொறுத்திருந்தது அத்தைக்குக் கொடுத்த அந்த வாக்குக்காகத்தான்.

இன்னும் நெருக்கமான அத்தைக் கதை வேண்டுமானால் 1957-இல் வந்த 'மாயா பஜார்' பாருங்கள். வியாச பாரதத்தில் இல்லாத, மக்கள் வழக்கில் வளர்ந்த கதை. பலராமன் மகள் வத்சலாவை அவன் தங்கை சுபத்திரையின் மகன் அபிமன்யுவுக்கு என்று பேசியாகிவிட்டது. பாண்டவர் நாடிழந்ததும் அண்ணன் வீடு பேச்சை மாற்றி, துரியோதனன் மகனுக்குப் பெண் கொடுக்கத் துணிகிறது. கடோத்கசனின் மாயமும் கல்யாண விருந்தும் நினைவில் நிற்கும்; ஆனால் படத்தின் அச்சாணி, வறுமையால் மதிப்பிழந்த ஒரு அத்தையின் உரிமை.

'பாசமலர்' (1961) தாலாட்டிலும் இதே கணக்குதான். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு குழந்தையை வைத்துக்கொண்டு பாடுகிறார்கள், அத்தை மகளை மணப்பது பற்றி. பிரிந்த வீடுகளை இணைக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அதுவே.

கேள்வி: வரலாற்றுப் புதினத்துக்குச் சோழர் காலத்தில் நல்ல அத்தை யாராவது?

பதில்: இராசராசனின் தமக்கை குந்தவை, இராசேந்திரனுக்கு அத்தை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, மன்னன் கொடுத்தவற்றை அடுத்து 'அக்கன்' கொடுத்தவற்றையும், அதன் பிறகே 'பெண்டுகள்' கொடுத்தவற்றையும் சொல்கிறது. அந்த வரிசையே ஒரு அத்தியாயத்துக்குப் போதும்.

பலர் கவனிக்காதது அடுத்த குந்தவை, இராசராசன் மகள். வேங்கிக் கீழைச் சாளுக்கியன் விமலாதித்தனை மணந்தாள். அவள் மகன் இராசராச நரேந்திரன் இராசேந்திரன் மகள் அம்மங்கையை மணந்தான். அதாவது அம்மங்கைக்கு அத்தையே மாமியார். அம்மங்கையின் மகன் தன் தாய்மாமன் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். மறுபடி அத்தையே மாமியார். அந்த மகன்தான் 1070-இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். எழுதும்போது இரண்டு குந்தவையையும் குழப்பிவிடாதீர்கள், அடிக்கடி நடக்கும் பிழை இது.

கேள்வி: குறும்படத்தில் கல்யாணம், காதுகுத்து இரண்டும் வருகின்றன. அத்தையை எங்கே நிறுத்துவது?

பதில்: பல சமூகங்களில் தாலியின் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் அவன் சகோதரி போடுவது. நாத்தனார் மணமகளின் பின்னால் நிற்க வேண்டும். பெண்ணின் தங்கையை அங்கே நிறுத்தினால் தவறு. நாளை பிறக்கப்போகும் பிள்ளையின் அத்தை அவள்தான். பிள்ளை பிறந்ததும் காப்புப் போட வருபவளும் அவளே. காதுகுத்தில் குழந்தை உட்காரும் மடி தாய்மாமனுடையது. ஷாட் அவன் முகத்தில் இருக்கட்டும், அத்தை தட்டோடு பக்கத்தில் நிற்கலாம். வழக்கம் ஊருக்கு ஊர் மாறும், கதை நடக்கும் ஊரின் பெரியவர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: ஆங்கில நாவல் மொழிபெயர்க்கிறேன். 'ஆன்ட்' என்று வந்தால் அத்தை என்றே போடலாமா?

பதில்: யார் வழி என்று தெரியாமல் போடாதீர்கள். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) சரியான கண்ணி. லேடி கேத்தரின், நாயகன் டார்சியின் தாயோடு பிறந்தவர். தன் மகளை டார்சிக்குக் கட்டிவைக்க நினைக்கிறார். சித்தி, பெரியம்மா என்று போட்டால் தமிழ் வாசகர் காதில் அண்ணன்-தங்கை கல்யாணமாக விழும். அத்தை என்று போட்டால் காதுக்கு இதமாக இருக்கும், ஆனால் பொய். முதல் இடத்தில் 'தாயின் சகோதரி' என்று சொல்லிவிட்டு, பிறகு 'லேடி கேத்தரின்' என்றே கொண்டுபோங்கள். திருமதி கார்டினர் நாயகி எலிசபெத்தின் தாய்மாமன் மனைவி, அவரை அத்தை என்பதில் சிக்கலில்லை.

கேள்வி: யாழ்ப்பாணத்துப் பாத்திரம், அப்பாவின் தங்கையை எப்படிக் கூப்பிடும்?

பதில்: மாமி.

கேள்வி: 1985-இல் நடக்கும் திரைக்கதை. கல்யாணமாகிப் போன அத்தை, பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டு வழக்குப் போடுகிறாள். சரியா?

பதில்: அண்ணனுக்குச் சமமாகப் பிறப்பாலேயே எனக்குப் பங்கு என்று அவள் கேட்க முடியாது. தமிழ்நாட்டில் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு அந்த உரிமை தந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல்தான், அதுவும் அதற்கு முன்பே மணமானவர்களுக்கு இல்லை. அவர்களையும் சேர்த்தது 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம். ஆனால் தகப்பன் சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்குச் சமமான பங்கு அவளுக்கு உண்டு. எனவே நிலத்தை அத்தையின் தகப்பன் தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்ததாக மாற்றுங்கள், வழக்கு நிற்கும். பூர்வீகம்தான் வேண்டுமென்றால், வழக்கை விட்டுவிட்டு அவள் தன் மகனுக்கு அண்ணன் மகளைக் கேட்டு வரட்டும். பொங்கல் சீர் வராமல் போன வருடத்தில் அந்தக் காட்சியை வையுங்கள். கோர்ட் காட்சியை விட வலுவாக வரும்.